கணுக்கால் தண்ணீரில் உலகப் படகுப் போட்டி

மார்ச் 2, திங்கள்

காலை ஏழுக்கே கண் கூசும் வெயில். காற்று தென்கிழக்கு. நல்ல காற்று.

இன்றைய வேலை: பந்தல்காரன். இளநீர். வெளிநாட்டு லேடீசுக்குத் தட்டி வைத்து மறைவு. பேனர்.

பேனரில் "பதினைந்து நாடுகள் பங்கேற்கும்" என்று போடச் சொன்னேன். கவிதா போனில், "ஆறு நாடு மாமா." மீதி ஒன்பதும் கேள்விப்பட்டு வந்து சேரும். என் போட்டோ பேனரில் இடது பக்கம், கப்பல் கேப்டன் தொப்பியோடு. தொப்பி கம்ப்யூட்டரில் வைத்தது. பொருத்தம்.

கவிதா என் அக்கா மகள். புதுச்சேரியில் ஒரு படகு கிளப்பில் வேலை. (இனி க. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) ரிமோட்டில் ஓடும் சின்னப் பாய்மரப் படகுக்கு உலகப் போட்டியாம், இடம் தேடினார்கள். போன கார்த்திகையில் நம் உப்பளத்துக்கு வந்து போட்டோ எடுத்தாள். ஒரே வெள்ளம், வரப்பே தெரியவில்லை, கடல் மாதிரி. "எவ்ளோ ஆழம் மாமா?" என்றாள். "ஆள் ஆழம். வருஷம் பூரா இப்படித்தான்," என்றேன். எழுதிக்கொண்டாள். போட்டி நல்லபடி நடந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். அக்கா வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

இப்போது தண்ணி நாலு விரல். பொம்மைப் படகுக்கு அது போதாதா? பேப்பர் கப்பலுக்கு எவ்வளவு வேணும்? பெரிய பாத்தியை நானே நின்று மிதித்துச் சமன் பண்ண வைத்தேன். கண்ணாடி. தமிழ்நாட்டில் இப்படி ஒரு பாத்தி கிடையாது.

மார்ச் 5, வியாழன்

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

பத்து மணிக்கு க.வும் அளவு பார்க்கிற வெள்ளைக்காரரும் வந்தார்கள். பேர் டாம். அறுபது வயசு, தக்காளி மாதிரி முகம். மாலை போட்டேன். ஆட்கள் கைதட்டினார்கள். டாம் நீளப் பெட்டியைத் திறந்து படகை எடுத்தார்.

பாய் மரம் என் உயரம். மோட்டார் இல்லை. காற்றுதானாம், ரிமோட் பாயையும் சுக்கானையும் திருப்ப மட்டுமாம். ஊரெல்லாம் மோட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது போகட்டும். அடியில் ஒரு தகடு. கத்தி மாதிரி கீழே இறங்குகிறது, நுனியில் ஈயக் குண்டு. ஒரு முழம். அளந்தே பார்த்தேன், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை.

டாம் படகைத் தண்ணியில் வைத்தார். ஈயக் குண்டு தரையில் இடித்தது. கையை விட்டார். படகு மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது, காய்ச்சல்காரன் மாதிரி.

எங்கோ ஒரு கொக்கு கத்தியது.

டாம் க.விடம் ஏதோ கேட்டார். அவர் கையில் அவள் எழுதிக் கொடுத்த பேப்பர்.

"மாமா. ஆள் ஆழம்னு சொன்னீங்க."

"மழைக் காலத்துல..."

"வருஷம் பூரான்னு சொன்னீங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் மாமா. என் கையெழுத்து."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பேச்சுக்கா பஞ்சம். காலில் சேறோடு போய் காரில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு வரப்பிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடியை இறக்கவில்லை.

ஆழமான தண்ணி காட்ட டாம் ஞாயிறு வரை டைம் கொடுத்தார். இல்லையென்றால் போட்டி வேறு ஊருக்கு.

ஆட்களுக்கு மேஸ்திரி பச்சையம்மா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "ரஹீம் பாய் தேக்கத்துல தொடை அளவு தண்ணி கெடக்குதே அண்ணே."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேட்டாத்தானே."

தனம் (என் சம்சாரம்) சோறு போடும்போது ஒரே வார்த்தை: "அந்தப் பொண்ணு உங்கள நம்புச்சு பாரு." சாப்பிட முடியவில்லை. ரசம் மட்டும்.

மார்ச் 6, வெள்ளி

மேகம் இல்லை. தூக்கம் இல்லை.

ர. பாய் (ரஹீம் பாய், பக்கத்து உப்பளம்). கடலிலிருந்து வரும் வாய்க்காலில் அவர்தான் முதல். அதனால் கடல் தண்ணியைப் பிடித்து வைக்கும் அவர் தேக்கத்தில் எப்போதும் தண்ணி. பார்த்தால் சலாம், மற்றபடி எங்களுக்குள் ஒத்து வராது. போன வருஷம் என் உப்புதான் வெள்ளை என்று டீக்கடையில் சொன்னேன். அவர் முன்னாலேயே சொன்னேன்.

சாயங்காலம் போனேன். நோன்பு திறக்கிற நேரம். கேட்கப் போன விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசினேன், வெயில், லாரி, மகன் துபாய். அவர் நோன்புக் கஞ்சியை என் முன்னால் தள்ளினார்.

"குடிங்க. குடிச்சிட்டு விஷயத்துக்கு வாங்க. ஆள் ஆழம்னு சொன்னீங்களாமே?"

அதுக்குள் ஊர் பூரா.

"ஆமா பாய்."

"எந்த ஆளு? எறும்பா?"

வீட்டில் உள்ளே பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? பிறகு க. விஷயம் சொன்னேன். கையெழுத்து, வேலை, அக்கா வீடு. கூட்டாமல் சொன்னேன். பாய் வாயில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு மெல்லாமல் கேட்டார்.

"தேக்கத்துல தண்ணி நிக்கணும்னா பாத்திக்கு மோட்டார் போடக் கூடாது. ஒரு நாள் போட்டாலே ஒரு சாண் எறங்கிடும். ஒரு வாரம் நிறுத்தினா என் பாத்தி காஞ்சிடுமே ஏழுமலை. சீசன்ல."

வாய் தானாகத் திறந்தது: "என் தண்ணிய எடுத்துக்குங்க."

என் பாத்திகளில் இருப்பது மாசம் பூரா வெயிலில் வைத்துக் கெட்டியாக்கின தண்ணி. உப்பு பூக்கிற நேரம். அவர் பாத்தி என்னுடையதைவிடப் பள்ளம். வரப்பை வெட்டினால் தானே ஓடும்.

பாய் என்னையே பார்த்தார். "இது நெசமா, இல்ல இதுவும் ஆள் ஆழமா?"

"மண்வெட்டியோட வர்றேன், காலையில."

வெளியே வந்ததும்தான் உறைத்தது. என்ன சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

வெட்டினேன். நானே. பச்சையம்மா மண்வெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

"அண்ணே, நாலு நாள்ல பூத்துடும். பால் திரியற மாதிரி இருக்குது பாருங்க. இப்பப் போய் வெட்டுறேங்கறீங்க."

"குடும்மா."

முதல் வெட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் திறந்துகொண்டது. கெட்டித் தண்ணி சத்தமே இல்லாமல் போகும், எண்ணெய் மாதிரி. பதினோரு மணிக்கு என் பாத்தியில் ஈர மண். அதில் என் காலடி. பாய் அந்தப் பக்க வரப்பில் குடையோடு நின்றார். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

க.வுக்குப் போன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன்: பாய் தேக்கம். தொடை அளவு. வந்து பார்.

"ஆள்" என்று கை தானாக டைப் அடித்தது. அழித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தாள். டாமும்.

அதற்கு முன் விடியலிலிருந்து நான் தேக்கத்துக்குள். கரையிலிருந்து கரைக்கு, குறுக்கும் நெடுக்கும், பத்தடிக்கு ஒரு குச்சி. வெள்ளை வேட்டி, அவுத்து விட்டபடியே. உப்புத் தண்ணி பட்டுக் காலில் பழைய புண் எரிந்தது. அடியில் சேறு வழுக்கும், இரண்டு தடவை விழப் பார்த்தேன். (மூன்று.)

க. கரையில் பேப்பரோடு. "எவ்ளோ?"

"முட்டிக்கு மேல ஒரு சாண். நடுவுல இன்னும் நாலு விரல். கெழக்கு மூலையில மட்டும் முட்டிக்குக் கீழ, மண் சேந்திருக்குது. அங்க படகு விடாதீங்க."

எழுதவில்லை. பையிலிருந்து டேப் எடுத்தாள். "ஏறி வாங்க மாமா. நேரா நில்லுங்க."

குனிந்து தரையிலிருந்து என் வேட்டியில் ஈரம் முடியும் கோடு வரை அளந்தாள். என் பேச்சை அளக்கவில்லை, வேட்டியை அளந்தாள். நின்றேன். வேட்டி சொட்டியது. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் நின்றேன்.

"எழுபத்தொண்ணு சென்டிமீட்டர்," என்று டாமிடம் சொல்லி எழுதினாள். கீழே கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். போட்டாள்.

டாம் படகை விட்டார். படுக்கவில்லை. பாயில் காற்று நிறைந்து, தண்ணியைக் கிழித்துக்கொண்டு போனது.

மார்ச் 11, புதன்

காற்று சரி. ஆறு நாடு. முப்பத்தெட்டு படகு. எண்ணினேன். பேனரில் பதினைந்து மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஆறு என்று எழுதினேன். தொப்பி இருக்கட்டும்.

டாம் மைக்கில் எங்கள் ஊர் பேரைச் சொன்னார், பாதிதான் வந்தது. பாய் நோன்போடு பந்தலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சையம்மா ஆட்களோடு கரையில்: "மோட்டாரே இல்லாம திரும்புது பாருடி."

மூன்றாவது ரவுண்டு. ஒரு சிவப்புப் படகு மிதவையைச் சுற்றும்போது விலகி ஓடியது. கிழக்கு மூலை. நின்றுவிட்டது. அதன் பாய் படபடக்கிறது, படகு அசையவில்லை.

க. என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொன்ன எடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வயசில் நான் சொன்னது சொன்னபடியே நடந்து நான் பார்த்ததில்லை.

"எறங்கி எடுத்து விடுங்க மாமா."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முட்டிக்குக் கீழதான்.