மாஸ்டர் கேட்ட வாக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன்னோடு ஆடியவர்களும் கல்யாணமாகிப் போனபின், மில்லின் கபடி அணியை மாஸ்டர் புதிதாகச் சேர்க்கிறார். ஆட்டத்தை மட்டும் பார்த்து ஆளை வைத்துக்கொள்வதில்லை. மூன்று வருடத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டோம் என்று வீட்டில் வாக்குக் கொடுக்க வேண்டும்.

நேற்று நம் வீட்டுக்கும் வந்தார்.

"ஏனுங்க, அம்மணி காலைப் புடிச்சா ஆரும் தப்ப முடியறதில்லீங்க" என்றார், என்னைக் காட்டி.

அப்பா சிரித்தார். "இது ஊட்டுல வாயே தொறக்காதுங்க. கபடி கபடின்னு எப்படிங்க பாடுது?"

"பாடறதுக்கு வேற புள்ளைங்க இருக்குதுங்க. இது புடிக்கறதுக்குங்க."

என்னைப் பெண் கேட்டிருக்கும் போத்தனூர் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுவதை அப்பா சொன்னார். "பெரியவளும் ஆட்டத்தை உட்டுப்போட்டுத்தான் போனா. நல்லாத்தானுங்க இருக்கறா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கதவோரம் நின்றிருந்த நான், "அக்காவைக் கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் பதில் வந்ததும் முடிவு சொல்வதாக அப்பா மாஸ்டரை அனுப்பி வைத்தார்.

உன் வீட்டைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், அக்கா. பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னது என்னோடு இருக்கட்டும். தங்கச்சி ஆடட்டும் என்று மட்டும் எழுது. அப்பாவுக்குப் புரிந்துவிடும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை