பட்டாளத்தானுக்கு ரிவர்ஸ் கிடையாது

27-8-1956, திங்கள்

இன்று வண்டியை எடுத்ததற்குக் காரணம் உப்பு. வீட்டில் உப்பு இருந்தது. அதைப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, உப்பு தீர்ந்து போச்சே என்று நானே சொல்லி, நானே வருத்தப்பட்டு, நானே புறப்பட்டேன். என் மனைவி சௌதாமினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பானைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உப்பு வாங்கப் பாறசாலைச் சந்திக்கு நடந்தே போகலாம். நான் களியக்காவிளை, பனச்சமூடு, வெள்ளறடை, காரக்கோணம், உதியன்குளங்கரை என்று ஒரு வட்டம் சுற்றி வந்து வாங்கினேன். என்ன செய்ய? பட்டாளத்தானுக்கு ரிவர்ஸ் கிடையாது. போன வழியே திரும்ப முடியாது. இதை ஒரு குறை என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், என்னைத் தவிர.

பட்டாளத்தான் என் பிக்கப்பு. சண்டை முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட கிழட்டு வண்டி. இடது கதவு கயிற்றில் நிற்கிறது. பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். காலையில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் முதலில் இருமுவான், அப்புறம் ஏசுவான், அப்புறம் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு எழும்புவான். அந்த உதறல் ஸ்டியரிங் வழியாக என் கையில் ஏறி, தோளில் ஏறி, பல்லெல்லாம் கிடுகிடுக்கும். குன்னத்துகால் இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு உருளவிட்டேன். இரண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், முகத்தில் காற்று, பின்னால் ஒரு பொட்டலம் உப்பு. சத்தமாகப் பாடினேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, அதனால் நன்றாகப் பாடினேன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சந்தோஷமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவது?

2-9-1956, ஞாயிறு

சபையில் ஆராதனை முடிந்ததும் ராபின்சன் மச்சான் சாப்பிட வந்தார். சௌதாமினியின் அண்ணன். களியக்காவிளையில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். எல்லைப் போராட்டத்தில் அவருக்குத் தொண்டை கட்டாத நாளில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் கூட்டமாய்ப் பேசுகிறார். என்னிடம் கேட்டால், பெட்ரோல் கிடைக்கிற எந்த ராஜ்யமும் எனக்குச் சம்மதம். அதை அவர் முன்னால் சொல்வதில்லை.

பேச்சு பட்டாளத்தானிடம் வந்தது. அவள் சீதனமாய்க் கொண்டுவந்த இரண்டு ஆஞ்சிலி மரத்தை விற்றுத்தான் வண்டியை எடுத்தேன். அது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"எங்க அப்பன் வச்ச மரமாக்கும் அங்க தகரமா நிக்குது" என்றார். "உப்பு வாங்க வெள்ளறடைக்குப் போனீராமே? சும்மா ஓட்டுகதுக்கு ஒரு வண்டியா ஓய்? சும்மா எங்கயாவது ஒரு மனுசன் போவானா?"

(உப்பு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? சௌதாமினி கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். மிகவும் கவனமாகக் கிளறினாள்.)

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டாளத்தான் ஒரு நாளும் சுமையில்லாமல் நிற்க மாட்டான் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாய்தான். உடனே பந்தயம். நவம்பர் ஒன்றாம் தேதி புது ராஜ்யங்கள் பிறக்கின்றன. களியக்காவிளை சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது, நாங்கள் இருக்கிற பாறசாலை கேரளத்தோடு. அன்று முடிய ஒரே ஒரு நாள் வண்டி சுமை ஏற்றி ஓடாவிட்டாலும் மச்சான் வந்து கொண்டுபோய்விடுவார். "பலகை பெட்டிக்கு ஆவும். சக்கரம் கைவண்டிக்கு ஆவும். ஒண்ணும் வீணாவாது" என்றார். இப்போதே கண்ணால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஜெயிச்சா?"

"வாயப் பொத்திக்கிட்டு உமக்க வண்டியில ஒரு சுத்து வாறேன்."

சௌதாமினி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "அண்ணன் வாயப் பொத்துகத விட, அந்த வண்டி பறக்குகது லேசு."

5-9-1956, புதன்

சுமை: ஒரு வாழைக்குலை. ஒன்றானாலும் சுமைதான்.

9-9-1956, ஞாயிறு

சுமை: சௌதாமினி, அவள் பாட்டுப்புத்தகம். சபை வாசலில் மச்சானிடம் கணக்குச் சொன்னேன். பாட்டுப்புத்தகத்தை அவர் ஒத்துக்கொண்டார். சுமை என்று சொன்னதைச் சௌதாமினி ஒத்துக்கொள்ளவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனாள். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

19-9-1956, புதன்

காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு சாக்குத் தேங்காயோடு ஒரு வட்டம். பட்டாளத்தான் நடுங்கினானா, நான் நடுங்கினேனா தெரியவில்லை. இறக்கத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது. திரும்ப ஏற்றத்தில் வந்துவிட்டது.

4-10-1956, வியாழன்

மச்சானே கூப்பிட்டு ஒரு சுமை தந்தார். வெள்ளறடைப் பொன்னையன் பாட்டாவுக்கு ஒரு சவப்பெட்டி. பாட்டாவுக்கு ஒரு கேடும் இல்லை. கல்லுப்போல இருக்கிறார். பிள்ளைகள் மட்டமான பலகையில் செய்துவிடுவார்கள் என்று பயந்து, தாமே கடைக்கு வந்து, உள்ளே படுத்து, தோள் இடிக்கிறது என்று இரண்டு தடவை மாற்றச் சொன்னாராம். பெட்டியை ஏற்றி வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டேன். நாளை காலை கொண்டுபோகலாம்.

சாயங்காலம் சேதி வந்தது. நாளைக்குத் தாலுகா முழுக்கக் கடையடைப்பு. ஒரு வண்டியும் ஓடாது. மச்சான் சைக்கிளில் வந்து நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நாளைக்குப் பெட்டியும் நவுராது, வண்டியும் நவுராது. கொஞ்சம் துடச்சு வையும், நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

போச்சு. எல்லாம் போச்சு. யாருக்கு எந்தத் தாலுகா போனா எனக்கென்ன, எனக்க வண்டியில்லா போவுது!

5-10-1956, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடிந்ததும் முற்றத்தில் நின்று பெட்டியைப் பார்த்தேன். கடையடைப்பு நாளில் எந்த வண்டியை மறித்தாலும் சவ வண்டியை மறிக்க மாட்டார்கள். சௌதாமினியின் பழைய குடையிலிருந்து கறுப்புத் துணியைக் கிழித்துக் கம்பில் கட்டினேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

உதியன்குளங்கரையில் மறித்தார்கள். தமிழ்ப் பக்கத்துக் கூட்டம். முன்னால் தாணுமாலயன், மச்சானோடு மேடையேறுகிற ஆள். பெட்டியைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரு?"

நான் ஒரு பெயரும் யோசித்து வைக்கவில்லை! பந்தயம் தொடங்கியதிலிருந்து என் வாயில் இருப்பது ஒரே பெயர்தான். அது வந்துவிட்டது.

"ராபின்சன் மச்சான்."

தாணுமாலயன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "எலே மக்கா, நேத்து ராத்திரி கூட நாங்க சேந்து சாய குடிச்சோமே!" என்று அழுதார். வழி விடுவார்கள் என்று பார்த்தால், பின்னாலேயே நடந்து வர ஆரம்பித்தார்கள். இல்லை, அவர் சாகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி. திரும்பலாம் என்றால் ரிவர்ஸ் இல்லை. சவத்துக்குப் பின்னால் நடப்பவர்களை விட்டுவிட்டு வேகமாகப் போகவும் முடியாது. முதல் கியரிலேயே உருட்டினேன்.

காரக்கோணம் பக்கம் எதிரே இன்னொரு கூட்டம். ஐக்கிய கேரளம் கேட்கிறவர்கள், கொடியும் கம்புமாய். முன்னால் மோகனன். மச்சானும் இவரும் போன மாதம்தான் நடுச்சந்தையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ரோடோ குறுகல். அந்தக் கூட்டம் முன்னால், இந்தக் கூட்டம் பின்னால், நடுவில் நானும் பொன்னையன் பாட்டாவின் காலிப் பெட்டியும். கம்புகள் மேலே எழும்பின.

"ஆராணு மரிச்சது?" என்று மோகனன் கேட்டார்.

தாணுமாலயன் பின்னாலிருந்து சொன்னார். மோகனன் கம்பைத் தாழ்த்தினார். அப்புறம் தமிழிலேயே, "நல்ல மனுசன். வாய் மட்டும்தான் கொள்ளாது. எனக்க அம்மா தீனமா கெடந்தப்ப, சண்டை எல்லாம் வச்சிட்டு, அவருதான் கட்டில் செஞ்சு கொண்டு தந்தது" என்றார். அவர்களும் கொடியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

கர்த்தாவே! எங்கே போய் முடியும் இது?

ஏற்றத்தில் பட்டாளத்தான் கொதித்தான். மோகனன் ஓடிப்போய் ஒரு வீட்டில் வாளி வாங்கினார். தாணுமாலயன் தண்ணீர் கோரி ஊற்றினார். இரண்டு கட்சியும் சேர்ந்து தள்ளியது. யாரோ பாட்டெடுத்தார்கள். பாதிப் பேர் தமிழில், பாதிப் பேர் மலையாளத்தில், ஒரே ராகம். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மச்சான் உயிரோடு இருப்பதே மறந்துபோய் அழுதேன்.

வெள்ளறடைச் சந்தியில் பொன்னையன் பாட்டா பெட்டிக்காகக் காத்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எனக்க பெட்டியில எவம்லே கெடக்கான்?"

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். "இறக்குங்கலே அவன! நான் அளவு குடுத்துச் செஞ்ச பெட்டியாக்கும்!" என்று வண்டியில் ஏறப் பார்த்தார். நாலு பேர் பிடித்தார்கள். பாட்டாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. மூடியைத் திறந்துவிட்டார்.

காலி.

அப்போது ஒரு சைக்கிள் மணி கேட்டது. ராபின்சன் மச்சான். பின்னால் கேரியரில் சௌதாமினி, கண்ணெல்லாம் வீங்கி. அண்ணன் செத்த சேதி கேட்டு அவள் மார்பில் அடித்துக்கொண்டு ரோட்டில் ஓட, எதிரே வந்து, 'யாரு செத்தது மோளே?' என்று கேட்டதே மச்சான்தானாம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். எல்லை பிரிக்கக் கமிஷன் வைத்தும் ஒன்றாகாத இரண்டு கட்சியும் என்னைத் திட்டுவதில் ஒன்றாகிவிட்டது. தாணுமாலயன் தொடங்குவார், மோகனன் முடிப்பார். மச்சான் மட்டும் திட்டவில்லை. காரக்கோணத்தில் மோகனன் சொன்னதைத் தாணுமாலயன் அவர் காதில் போட்டிருந்தார். மோகனனிடம் போய், "கட்டில நெனச்சுப் பாத்தீராக்கும்" என்றார். மோகனன், "செத்தீருன்னு நெனச்சுச் சொன்னதாக்கும் ஓய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சான் கடைசியாக என்னிடம் வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஓடிச்சு" என்றார். "எனக்க சவத்த ஏத்திட்டு ஓடிச்சு. இல்லைன்னு சொல்லப்பிடாது."

6-10-1956, சனி

சுமை: மரச்சீனி. வீட்டில் மீன் கறி இல்லை. பேச்சும் இல்லை. குடை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

20-10-1956, சனி

சவ வண்டி வருது என்று தெருவில் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன். இரண்டு கையையும் எடுத்ததில் இன்று ஒரு கோழி தப்பியது அதிசயம்.

1-11-1956, வியாழன்

கடைசி நாள். விடியற்காலையிலேயே களியக்காவிளைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. தேங்காய்ச் சாக்கை ஏற்றிவிட்டுக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். பட்டாளத்தான் இருமவில்லை. சுற்றினேன். ஏசவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கெஞ்சினேன், உதைத்தேன், மன்னிப்புக் கேட்டேன். ஒரு அனக்கமும் இல்லை. இத்தனை நாள் ஓடிவிட்டு இண்ணைக்கா? இண்ணைக்காலே நிப்ப? படியில் உட்கார்ந்துவிட்டேன். சௌதாமினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் மச்சான் வந்தார். புது வேட்டி, சட்டையில் கொடி குத்தியிருந்தார். ஆனால் முகம் கொண்டாட்டத்துக்குப் போய்வந்த முகமாக இல்லை.

"எனக்க கடை அங்க. எனக்க தங்கச்சி இங்க" என்றார். "இதுக்கா ஓய் நான் இவ்வளவு தொண்ட கிழியக் கத்துனேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் வண்டியைப் பார்த்தார்.

"ஓடல்லியா?"

"ஓடல்ல. எடுத்துட்டுப் போங்க மச்சான்."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். அளக்கிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மனுஷன் சட்டையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தோளைப் பலகையில் முட்டுக் கொடுத்து நிற்கிறார்.

"ஓடணும்னுதானே பந்தயம்? எஞ்சின்தான் ஓட்டணும்னு யாரு சொன்னா? ஏறும் ஓய்!"

அவரும் அவளும் தள்ளினார்கள். ரோடு வரைக்கும் உருண்டது. அங்கிருந்து இறக்கம். நடு இறக்கத்தில் கியரைப் போட்டேன். பட்டாளத்தான் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, ஏசி — எழும்பிவிட்டான்! பிரேக்கை மிதித்தேன்; யோசித்து யோசித்து நின்றான். மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்து, இடது கதவின் கயிற்றை அவிழ்த்து, ஏறி உட்கார்ந்தார். தோற்ற ஆள் அல்லவா? ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. களியக்காவிளையில் தோரணத்துக்கு அடியில் போனபோது பேசவில்லை. வெள்ளறடையில் பொன்னையன் பாட்டா, 'பெட்டியில ஆள் இல்லியே?' என்று கேட்டபோதும் பேசவில்லை. குன்னத்துகால் இறக்கத்தில் நான் காலை எடுத்தேன். அவருடைய வேட்டி பறந்தது. அவர் வாயிலிருந்த கையை எடுத்து, ஹாரன் உருண்டையைப் பிடித்து, பாம் பாம் பாம் என்று இறக்கம் முடிகிற வரைக்கும் அமுக்கினார். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

2-11-1956, வெள்ளி

மழை. பந்தயம் முடிந்துவிட்டது. சுமை ஒன்றும் இல்லை. உப்பு இருக்கிறது, இந்தத் தடவை அதை ஒளிக்க எனக்கு மனசு வரவில்லை.

சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் குடையை மடக்குகிற சத்தம். மச்சான். வேறு ராஜ்யத்திலிருந்து காலையிலேயே நடந்து வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. பட்டாளத்தான் பக்கமாகப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், சுமை வல்லதும் உண்டா?"

"இல்ல."

"பின்ன எங்க போவ?"

மச்சான் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சௌதாமினி கவனமாகக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"சும்மாதான்."