நீ என்னைப் புதைக்கணும்

கண்ணே,

உன் அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். நீ வராததைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.

ஜுமானா வந்தாள். அப்பா மெட்டமைத்த பாட்டுகளைப் பாடி பெய்ரூத்திலிருந்து துபாய் வரை பெயர் வாங்கியவள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் ஒரு போன்கூடப் பண்ணாதவள், நேற்று இரண்டு டிவி கேமராவோடு தேவாலயத்துக்குள் நுழைந்தாள். பெட்டிமேல் சாய்ந்து, "உஸ்தாத், என் உயிரே, நீங்க என்னைப் புதைக்கணும்" என்று அழுதாள்.

சின்ன வயதில் உன் கன்னத்தைக் கிள்ளி நான் சொல்வேனே, நம் ஊரின் அதே கொஞ்சல். உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்பதற்காகச் சொல்வது. வாய்ப்பழக்கத்தில் அதைப் பிணத்திடம் சொல்லிவிட்டாள். அப்பாவோடு வயலின் வாசித்த சலீபா, "எழுந்து வந்தார்னா முதல் வேலையா அதைத்தாம்மா செய்வார்" என்று முணுமுணுத்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கேமராக்காரன், "மேடம், மைக் ஆன்ல இல்ல, இன்னொரு தடவை அழுதுடுங்க" என்றான். அவள் கண்மையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியில் சாய்ந்து, மறுபடி அழுதாள். இந்த முறை வார்த்தையைத் திருத்திக்கொண்டாள். அப்புறம் துக்கத்துக்குக் கொடுத்த கசப்புக் காபியை நான் தொடவேயில்லை.

நாற்பது வருஷம் தினமும் காலையில் அவரிடம் நானும் "நீங்க என்னைப் புதைக்கணும்" என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, முந்திக்கொண்டார்.

இப்போது உனக்குச் சொல்கிறேன், கொஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே. நீ என்னைப் புதைக்கணும். கேமரா வருமுன் வந்துவிடு.

அம்மா