றைவர் பெனடிக்றுக்கு ஒரு மலர்வளையம்

சிலாபம்,
12 செப்டெம்பர் 1989

அன்புள்ள மகன் யூஜினுக்கு,

மன்னாரில் நீயும் மருமகள் பெர்னதெத்தும் சுகமாயிருக்கத் தலவிலக் கோயில் புனித அன்னம்மாளை மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. எழுத்துக் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். காரணத்தை அதன் ஒழுங்கில் சொல்கிறேன். தபால் ஓடவில்லை. கற்பிட்டி சாஹுல் ஹமீது நானா வள்ளத்தில் அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தங்கச்சி ஜூலியானா கொழும்பில் தொழில் பழகி வந்து, ஈஸ்டருக்குப் பிறகு நம் முன்னறையையே பூக்கடையாக்கியது உனக்குத் தெரியும். மணப்பெண்ணின் பூச்செண்டும் கல்யாணக் காரும்தான் தன் தொழில் என்று நினைத்திருந்தாள். ஒரு கல்யாணம் வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சாவு. கொழும்புப் பூ வருகிற ரயில் ஓடாத நாட்களில் கோயில் மதிலோரத்து அரலியாப் பூவையும் நம் வேலி நந்தியாவட்டையையும் வைத்துச் சமாளித்தாள். நான் வாழைமடலை வளைத்துச் சணல் சுற்றிக் கொடுப்பேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழித்தவனுக்கு அந்தச் சின்ன வேலையும் சரியாக வராது. 'அப்பா, இது மலர்வளையமா, மீன்காரியிட சும்மாடா?' என்று கேட்டுச் சிரிப்பாள்.

ஊர் நிலைமையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. விடிந்தால் கடற்கரைப் பாதையில் டயரோடு எரிந்த உடல்கள் கிடக்கின்றன. தகப்பன்மார் பல்லைப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் காண்கிறார்கள். அது பெரிய அரசாங்கத்தின் வேலை என்று சனம் மெதுவாகச் சொல்கிறது. அந்த அரசாங்கத்தைக் கவிழ்க்கத் துவக்கெடுத்த சிங்களப் பெடியன்களைச் சின்ன அரசாங்கம் என்கிறார்கள். அவர்கள் மின்கம்பத்தில் கடதாசி ஒட்டினால் கடை திறக்கக்கூடாது, பஸ் ஓடக்கூடாது. மீறினவனைச் சுடுவதோடு விடுவதில்லை, அவன் பிரேதத்துக்கும் சட்டம் போடுகிறார்கள். பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடாது. கோயில் மணி அடிக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது.

பெனடிக்றை உனக்கு நினைவிருக்கும், கற்பிட்டி பஸ் றைவர். தலவில திருநாளுக்குப் பஸ் ஓடக்கூடாதென்று கடதாசி ஒட்டியிருந்தும், நேர்த்திக்கடன்காரர் பாதையில் நிற்கிறார்களே என்று ஏற்றிக்கொண்டு போனான். ஒரு வாரம் பேசாமலிருந்தார்கள். பிறகு சந்தியில் பஸ்ஸை மறித்து, அவனை இறக்கி, பஸ்ஸுக்கு முன்னால் முழந்தாளிட வைத்து, வாய்க்குள் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கண்ணை மூடக்கூடாதென்றும் கட்டளை.

அவன் மனைவி மெற்றில்டா கடைக்கு வந்தாள். சீலையில் இரத்தம் காய்ந்திருந்தது. அழவில்லை. 'ஜூலி, பெட்டியைப் பதிச்சுத் தூக்கட்டும், நிலத்தில இழுக்கட்டும், எனக்குப் பரவாயில்ல. பூவில்லாம மட்டும் அனுப்ப ஏலாது. நாயைப் புதைக்கிற மாதிரியா அவரைப் புதைக்கிறது?' என்றாள். தங்கச்சி யோசிக்கவே இல்லை. 'ஓம் அக்கா, கட்டித் தாறன்' என்றாள். மெற்றில்டா போனபின் நான் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, 'ஆருக்குப் பூ வைக்கலாம் எண்டு அவங்களிட்டக் கேட்டுக் கட்டுறதெண்டா, நான் கடையைப் பூட்டிப்போட்டு மீன் வெட்டப் போறன் அப்பா' என்றாள்.

சவ ஊர்வலத்தில் நானும் போனேன். தூக்கினவர்கள் முதுகை வளைத்து, தவழ்கிறவர்கள் போல நடந்தார்கள். பெட்டியின் அடி கல்லிலும் மணலிலும் உரசிக்கொண்டே போனது. ஒரு திருப்பத்தில் ஒருவன் கை வழுகி, பெட்டி நிலத்தில் மோதியது. உள்ளே உடல் புரண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குழியருகே தங்கச்சி பன்புல் பையிலிருந்து வளையத்தை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். வெள்ளை அரலியா மட்டும். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். குருவானவர் மட்டும் பார்த்தார்.

ஊரில் வேறு பூக்கடை இல்லை, அவர்களுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. போன வியாழக்கிழமை மத்தியானம், தங்கச்சி மெற்றில்டா வீட்டுக்குப் போயிருந்த நேரம், மூன்று பேர் வந்தார்கள். இருவர் முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். மற்றவன் கட்டவில்லை. அவன்தான் பேசினான். அவன் சிங்களத்தில் சொன்னதை உள்ளபடி தருகிறேன். 'சீயா' என்று, தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத்தான் கூப்பிட்டான். வளையம் கட்டியது யார் என்று கேட்டான். நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறையும் சொன்னேன். 'அப்படியென்றால் இப்போது ஒன்று கட்டுங்கள் சீயா, பார்ப்போம்' என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

தங்கச்சி செய்வதை மனதில் கொண்டுவந்து கட்டினேன். காம்பு உடைந்தது, பூ கழன்றது, சணல் தளர்ந்தது. முகம் கட்டியவர்களில் ஒருவன், 'இதை வைத்தால் செத்தவன் எழும்பி ஓடிவிடுவான்' என்று சிரித்தான். பிறகு என் வலது கையை மேசையில் அமர்த்திப் பிடித்து, துவக்கின் பிடியால் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் இவ்வளவு சின்னதென்று நான் நினைத்திருக்கவில்லை. பூ வாளிகளை உதைத்தார்கள். நான் கட்டினதை என் கழுத்தில் போட்டார்கள். போகும்போது அந்த முகம் கட்டாதவன் குனிந்து, என் காதோடு, 'கட்டியது இந்தக் கை இல்லை சீயா. அந்தக் கையை எடுக்க ஆட்கள் வருவார்கள்' என்றான்.

வெறும் வெருட்டலோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆனால் பெனடிக்றையும் ஒரு வாரம் சும்மா விட்டுத்தானே வந்தார்கள்.

இந்தக் கடைசிச் சொல்லை நான் தங்கச்சிக்குச் சொல்லவில்லை. பூச்செண்டு கட்டுகிற ரிப்பனால் என் விரல்களைச் சுற்றிக் கட்டும்போது, 'எனக்கு விழ வேண்டியதை நீங்க வாங்கிப்போட்டீங்க அப்பா. இனி வரமாட்டாங்க' என்று அழுதாள். நேற்று இன்னொரு சாவு வீட்டுக்காரர் வந்தார்கள், அவர்களுக்கும் ஓம் என்றுவிட்டாள். உண்மையைச் சொன்னால், என்னைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிடுவாள். மறைப்பது சரிதானா என்று எனக்குத் தெளிவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். பெர்னதெத்துக்குப் பிள்ளைப்பேறு அடுத்த மாதம்தான் என்று தெரியும். இருந்தாலும், அவளுக்குச் சுகமில்லை, துணைக்கு ஆளில்லை, உடனே வா என்று தங்கச்சிக்கு ஒரு துண்டு எழுதிச் சாஹுல் ஹமீது நானாவிடமே கொடு. அந்தச் சாட்டுக்கு மட்டும் அவள் அசைவாள். நானா அவளைக் கற்பிட்டியில் ஏற்றி, உச்சமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்ப்பார். சண்டை நடக்கிற ஊருக்கு மகளை அனுப்பப் பார்க்கிறேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

என்னையும் வரச் சொல்லி எழுதாதே. சந்தியில் ஒருவன் நின்று கடையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கடை பூட்டியிருந்தால் கற்பிட்டிப் பாதையிலேயே அவளை மறிப்பார்கள். அவள் கடலில் ஏறும்வரை கடை திறந்திருக்க வேண்டும். வாளிகளில் பூவை வைத்துவிட்டு நான் முன்னுக்கு இருப்பேன்.

வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொல். கோபிப்பாள், திரும்பி ஓடிவரப் பார்ப்பாள். எங்கிருந்து என்ன புதினம் வந்தாலும் அவளை வெளிக்கிட விடாதே. பிள்ளை பிறந்ததும் முதலில் அவள் மடியில் கொடு, மகன். மடியில் பிள்ளை இருந்தால் அவள் எழும்பமாட்டாள்.

உங்கள் மூவரையும், வரப்போகிற அந்த உயிரையும் ஆண்டவர் கைவிடாதிருப்பாராக.

உன் அப்பா,
ம. சூசைப்பிள்ளை