அத்தானின் திராட்சைத் தோட்டம்

அன்பு அக்கா,

ஒன்றையும் ஒளிக்காமல் எழுதப் போகிறேன்.

லூக் அத்தான் பிரான்சிலிருந்து உங்களைப் பெண் கேட்டு ஜேர்மனிக்கு, எசனில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நீங்கள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றீர்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். ஐந்து தலைமுறையாகத் தங்கள் குடும்பம் வைன் செய்வதாக அத்தான் பெருமையோடு சொன்னார். சித்தப்பா குடித்தே செத்தபிறகு அப்பா போத்திலைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார். அதனால், "அவையளுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்காம்" என்று மட்டும் சொன்னேன்.

"தோட்டம் செய்யிற பிள்ளையோ! அப்ப ஓம், சம்மதம்," என்று அப்பா சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நம்பினீர்கள்.

இன்று அத்தான் அனுப்பிய பெட்டி வந்தது. பழம் என்று நினைத்து, ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்குப் படைக்க அப்பா குளித்துவிட்டு வந்து பிரித்தார். உள்ளே ஆறு வைன் போத்தில்கள். ஒவ்வொன்றிலும் அத்தானுடைய குடும்பப் பெயர் போட்டிருந்தது.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பா. நான்தான் மறைச்சனான்."

அவர் ஏசவில்லை. போத்தில்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"அந்தத் தம்பியைத் திரும்பப் பெண் கேட்டு வரச் சொல்லு. இந்தமுறை உன்ர அக்காவே மொழிபெயர்க்கட்டும்."

நான் மேசையடியில் இருப்பதையும் பாராமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

உங்கள் தங்கச்சி