ஐந்தோடு நின்ற மணி

ஜூலை 28, திங்கள்

‘மணிக்கூண்டு’ வாட்ஸ்அப் குரூப்பில் 312 பேர். வெள்ளிக்கிழமை 318 இருந்தது. ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்கள். யார் யார் என்று தேடிப் பார்த்துப் பெயரை எழுதி வைத்தேன். எதற்கு? கம்பெனி ஸ்டோர்ஸில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தால் குறைகிற எதையும் எழுதி வைக்கத்தான் தோன்றும் போல.

கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த அகல்யா கேட்டாள், “அப்டி இன்னாக்கா கீது அந்த ‘மணிக்கூண்டு’ நாடகத்துல, நாப்பத்தேழு வாட்டி பாக்கறதுக்கு?” சாம்பார் சாதம் ஆறிப்போகும் வரை சொன்னேன். ஒரு மில் ஊர். மணிக்கூண்டில் ஒன்பது அடித்தால்தான் மில் கேட்டைத் திறப்பார்கள். உள்ளே புகை சூழ்ந்து ஆட்கள் மாட்டிக்கொண்ட அன்று பார்த்து கடிகாரம் நின்றுவிடுகிறது. வள்ளி மேலே ஏறித் தன் கையால் ஒன்பது அடிக்கிறாள். கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் பாட்டு. 

ஆறாவது ஷோ அம்பத்தூரில். அன்றைக்கு சவுண்டு பெட்டி மண்டையைப் போட்டுவிட்டது. வள்ளியாக நடிக்கிற கிருஷ்ணப்பிரியா சுத்தியலை ஓங்கியபடி மேலே நிற்கிறாள், மணிச்சத்தம் வரவில்லை. நான்தான் எழுந்து “ஒண்ணு” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த சுரேகா “ரெண்டு” என்றாள். எனக்கு அன்றுவரை அவள் யாரென்றே தெரியாது. மூன்றுக்குக் கூட்டமே எழுந்து எண்ணியது. குரூப் ஆரம்பித்தது அதற்கு மறுநாள். நாடகம் போடுகிற ரவிச்சந்திரன் சார் அத்தோடு மணிச்சத்தத்தையே எடுத்துவிட்டார். எந்த ஊரில் போட்டாலும் நாங்கள் போய் எண்ணுவோம், எங்கள் குரலுக்கு வள்ளி கையை ஓங்குவாள்.

“அப்ப நீங்கல்லாம் போகலன்னா மணியே அடிக்காதா?” என்றாள் அகல்யா.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரவிச்சந்திரன் சார் போன் செய்தார். எழுதியது, பாட்டுக்கு மெட்டுப் போட்டது எல்லாம் அவர்தான், ஆனால் போனில் பேசும்போது கடன் கேட்க வந்தவர் மாதிரி இழுப்பார். ஐம்பதாவது ஷோ 24ஆம் தேதி, பூந்தமல்லியில், கோதண்டம் என்பவரின் கல்யாண மண்டபத்தில். அவருக்கு நாடகம் பிடித்துவிட்டால் மாதாமாதம் முதல் ஞாயிறு மண்டபம் நமக்கு, ஒரு வருஷத்துக்கு. பிடிக்காவிட்டால் ஐம்பதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்புறம் அந்த இழுப்பு. “ஆவடியில போன வாட்டி இருபது குரல்கூட இல்லம்மா. ஏழுக்கு மேல பிரியா தடுமாறிட்டா. பழையபடி மணிச்சத்தத்த போட்டுடட்டுமா?”

சுருக்கென்றது. “வேணாம் சார். நம்ம ஆளுங்க வருவாங்க. நான் பொறுப்பு” என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குரூப்பில் ஓட்டு வைத்தேன். ‘வருவேன்’ 63 பேர். அறுபத்து மூன்று!

பாண்டியன் எட்டிப் பார்த்துவிட்டு, “பட்டன அமுக்குனவன்லாம் பஸ் ஏறுவானாமே?” என்றார். புருஷன் வாயில் நல்ல வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் ஏரியா மேனாம்பேடு முழுக்க என் குரல் கேட்டிருக்கும்.

ஒருத்திக்கு நாத்தனார் வளைகாப்பு. ஒருத்தருக்கு முட்டி வலி. விஷால் என்கிற பையன் — நம் பாட்டைப் பாடித்தான் காலேஜில் பரிசு வாங்கினான் — “புடிக்கும்தான்க்கா, ஆனா எல்லாம் தெரிஞ்ச கதைதானே” என்றான். தெரிஞ்ச சோத்தத்தானேடா தினம் துன்ற, அது மட்டும் அலுக்கலியா என்று கேட்டேன். சிரித்தான். வருகிறேன் என்றான். அந்த ‘வருகிறேன்’ எனக்குத் தெரியும்.

இன்றைய கணக்கு 34.

ஆகஸ்ட் 20, புதன்

சுரேகா மூன்று நாளாகப் பதில் போடவில்லை. நீலக்குறி விழுந்திருக்கிறது. படித்திருக்கிறாள்.

பதினாலு பாட்டையும் காதால் கேட்டுக் கேட்டு டைப் அடித்து எல்லோருக்கும் அனுப்பியவள் இவள்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆவடி ஃப்ளாட்டில் யாரையும் தெரியாமல் லேப்டாப்பே கதியென்று கிடந்தவள். இந்தக் குரூப்தான் எனக்கு ஊர் என்பாள். இன்று ஒரு ‘ம்’ போட முடியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

63 இப்போது 19.

சாருக்குப் போன் போட்டு, மணிச்சத்தத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். சொல்ல வேண்டும். நம்பரை எடுத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? பொறுப்பு என்றது இந்த வாய்தானே.

பத்தொன்பது பேர் போதும். கத்துகிறபடி கத்தினால் போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஐந்தோடு நின்றது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். எழுதிவிட்டால் தேவலை.

மெட்ரோ வேலையில் பஸ் ஊர்ந்து, பூந்தமல்லி போய்ச் சேரும்போது மணி ஆறரை. நம் ஆட்கள் என்னையும் பாண்டியனையும் சேர்த்து ஆறு பேர். ஆறு! அதில் பாண்டியன் நான் இழுத்து வந்தது. ஆனால் மண்டபம் நிறைந்திருந்தது. கோதண்டத்தின் சொந்தபந்தம், அக்கம்பக்கம், முன்னூறு பேருக்குக் குறையாது. ஒருவருக்கும் இந்த எண்ணுகிற வழக்கம் தெரியாது. எப்படித் தெரியும்?

வள்ளி மேலே ஏறினாள். சுத்தியலை ஓங்கினாள். நான் எழுந்து “ஒண்ணு” என்றேன். ரெண்டு, மூணு. ஆறு குரலும் ஆறு திசையில் கேட்டது. நாலு சொல்லும்போது முன்வரிசைப் பட்டுப்புடவைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. ஐந்து. “யாரும்மா அது, உக்காரும்மா, மறைக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததும் மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிரியா ஓங்கிய கையோடு நின்றாள். எவ்வளவு நேரம்? எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது. இருட்டில் எங்களைத் தேடுவது தெரிந்தது. அப்புறம் அவளே ஓங்கி அடித்தாள். தெர்மாகோல் மணி, சத்தம் எங்கிருந்து வரும்? சத்தமே இல்லாமல் நான்கு முறை அடித்தாள். மில் கேட் திறந்தது.

முடிந்ததும் மேடைப் பக்கம் போகவில்லை. பந்திக்கூடத்து வழியாக வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் பாண்டியன் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். அந்த மனுஷன் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

குரூப்பில் குரல் பதிவு போட்டேன். ரெண்டு நிமிஷம். இன்னா சொன்னேன்னு முழுசா நெனவுல இல்ல. அறுபத்தி மூணு பேரு விரல வச்சீங்களே, அந்த வெரலுக்கு வெக்கமில்லியான்னு கேட்டேன். உங்களாலதான் அந்தப் பொண்ணு முன்னூறு பேரு முன்னாடி அனாதியா நின்னுதுன்னேன். கேட்டுட்டு ஓடுறவன் ஓடுங்கன்னேன்.

ஓடினார்கள். மத்தியானத்துக்குள் 41 பேர்.

நான் உட்கார்ந்ததை அதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுரேகா வீட்டுக்கே வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். வரேன்னு அமுக்கிட்டு வராதவ, நீல டிக்கு மகாராணி என்று என்னென்னவோ. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“லோகாக்கா, எனக்கு அந்த நாடகம் பிடிக்காமப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் பயம். எல்லாருக்குமே உங்ககிட்ட பயம். அதான் வருவேன்னு அமுக்கறாங்க.” அப்புறம் கேட்டாள், “நீங்க சொல்லுங்க, கடைசியா எப்ப உங்களுக்கு வள்ளி பாட்டக் கேட்டு அழுகை வந்துச்சு?”

போ வெளியே என்றேன். போட்ட காபியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

எப்போது? வந்தது. நிஜமாக வந்தது. முதல் பத்துப் பதினைந்து ஷோவில், வள்ளி ஏறும்போதே அழுதுவிடுவேன். அப்புறம்? அவள் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்து எத்தனை தலை வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை ஷோவாக? மேடையில் வள்ளி அழுவாள், நான் ஆள் எண்ணுவேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று எனக்குக் குரல் இருந்தது. மீதி நான்கையும் கத்தியிருக்க முடியும். வெட்கமாக இருந்தது. சிரித்தவர்கள் கண்ணில் நான் எப்படித் தெரிவேனோ என்று இருந்தது. மனசார நம்புகிறவளுக்கு அந்த வெட்கம் வருமா?

செப்டம்பர் 2, செவ்வாய்

சார் போன். குரலில் இழுப்பே இல்லை. கோதண்டம் மண்டபம் கொடுத்துவிட்டாராம்! ஒரு வருஷம், பன்னிரண்டு ஷோ, நவம்பரில் ஆரம்பம். அந்தக் கடைசி நான்கு அடி சத்தமில்லாமல் விழுந்தது பாருங்கள், அதில் உடம்பே சிலிர்த்துவிட்டது என்றாராம். வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

நான் துள்ளிக் குதிக்க வேண்டும். “சந்தோஷம் சார்” என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் மனசில் முதலில் வந்தது — இன்னும் பன்னிரண்டா, அடக் கடவுளே.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிரியா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஸ்கூலில் டீச்சர் வேலை, வீட்டில் பரீட்சைத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. அன்று மணிச்சத்தம் வேண்டாம் என்று சாரிடம் சொன்னது நான்தான், ஐந்தில் உட்கார்ந்ததும் நான்தான் என்று நின்ற வாக்கிலேயே சொன்னேன்.

“தெரியும்க்கா. உங்க குரல எனக்குத் தெரியாதா?” என்றாள். பேனாவை மூடி வைத்தாள். “நீங்க உக்காந்தீங்க பாருங்க, எனக்கு ஒரு செகண்டு அப்பாடான்னு இருந்துச்சு. இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இப்ப என்னடான்னா இன்னும் பன்னெண்டு வாட்டி ஏறணுமாம்.”

உனக்குமா என்றேன்.

“அலுத்துப்போயி ரொம்ப நாளாச்சு. நீங்க விடாம வரீங்களே, எப்டி வேணாம்னு சொல்றதுன்னுதான் ஏறிகிட்டு இருந்தேன்.”

“அடிப்பாவி, நீ ஏறுறியேன்னுதான்டி நான் வந்துகினு இருந்தேன்!”

இரண்டு பேரும் சிரித்தோம். தாள் மேலே விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழ ஆரம்பித்தாள், எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் யார் சாரிடம் சொல்வது என்ற பேச்சு வந்தது. இரண்டு பேரும் தாள்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தோம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டோம். பாடி மேம்பாலத்தை ஒட்டி சார் நடத்துகிற அச்சகத்தில். இருபது நிமிஷம் மேம்பாலத்துக்குக் கீழே நின்று யார் முதலில் பேசுவது என்று சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

சார் நவம்பர் முதல் ஷோ நோட்டீசுக்கு எழுத்து வடிவம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியா பேசினாள், பாதியில் நின்றாள், மீதியை நான் பேசினேன். நாடகம் மோசமில்லை சார், எங்களுக்குத் தீர்ந்துபோச்சு சார், அவ்ளோதான் என்றேன். இதைவிட நல்லபடியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எத்தனாவது ஷோலேர்ந்தும்மா?” என்று கேட்டார். பிரியா என்னைப் பார்த்தாள். முப்பது இருக்கும் சார் என்றேன்.

“இருபது ஷோ,” என்றார். “இருபது ஷோவும் முடிஞ்சதும் வந்து கையப் புடிச்சு, சூப்பர் சார்னு சொன்னியேம்மா. நானும் அத நம்பிகினு ஒரு வரி மாத்தாம இருந்துட்டேனே.”

நோட்டீசை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது, கிளம்புங்கள் என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

குரூப்பில் எழுதினேன்: அன்று ஐந்தில் முதலில் உட்கார்ந்தது நான்தான், உங்களைத் திட்டியது தப்பு. அப்புறம் குரூப்பையே மூடிவிட்டேன். கடைசிக் கணக்கைப் பார்க்கவில்லை.

சுரேகாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி. ‘ஞாயித்துக்கிழமை காபி போடுங்க. இந்தத் தடவ குடிச்சிட்டுத்தான் போவேன்.’

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சாருக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை. நியாயம்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று முதல் ஷோ இருந்திருக்க வேண்டிய நாள். கோதண்டத்திடம் சார் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறாராம், பிரியா சொன்னாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆப்பம் சுட்டேன். பாண்டியன் ஆறு தின்றார். “ஞாயித்துக்கிழமைல உன் மூஞ்சிய பாத்து எத்தினி வருஷமாச்சுமே” என்றார். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ரவிச்சந்திரன் சார் போன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. “கேளு” என்றார். புதிதாக எழுதுகிறாராம். ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நடக்கிற கதை, மூன்று பாட்டு முடிந்திருக்கிறது. பாடியே காட்டினார். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அணைத்துவிட்டு நின்றபடியே கேட்டேன். நடுவில் இருமல் வேறு.

முடித்துவிட்டு எப்படி என்றார். ‘சூப்பர் சார்’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பழக்கம். விழுங்கினேன்.

“மொத பாட்டு நல்லாகீது சார். ரெண்டாவது இழுக்குது. எனக்குப் புடிக்கல” என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாலைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன். இரண்டு மாதம் கழித்துப் பேசுகிற மனுஷனிடம் கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். பால் பொங்கி வரும்போது மறுபடி போன் அடித்தது.

“எந்த இடத்துலம்மா இழுக்குது?” என்றார். பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.