மரத் தேவாலயத்துக்குள் போன ஒற்றைக் கேபிள்

அன்பு மகள் வொய்ச்சிதாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், புதுக் கன்றும் எழுந்து நிற்கிறது, ஸ்பெயினில் அந்தச் சரகோசா ஊர் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம் மரத் தேவாலயம் பத்திரமாக நிற்கிறது, அக்டோபரில் உன் கல்யாணம் அங்கேதான், யாராவது போனில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

பாதிரியாரின் மனைவி ஒக்டாவியா வசந்த காலத்தில் உள்ளே ஒரு கேமரா மாட்டப் போகிறேன் என்றபோது, மணியடிக்கிற உன் அப்பா என்ன குதி குதித்தார் தெரியுமா. "முந்நூறு வருஷத்துப் பலகைக்குள்ள கரண்ட் இழுக்கிறதும் தீக்குச்சி கிழிக்கிறதும் ஒண்ணுதான்" என்று வாசலை மறித்து நின்றார். அவள் அசரவில்லை. "மாமா, இது வீட்டுக் கரண்ட் இல்ல, படம் வர்ற நெட்வொர்க் கேபிள்லயே கேமராவுக்கு வேண்டிய கொஞ்சூண்டு கரண்டும் போகும், எங்க வீட்டுல இருக்கிற பெட்டி அந்தப் பக்கம் யாரு, எவ்வளவு வேணும்னு விசாரிச்சுக்கிட்டுத்தான் குடுக்கும்" என்றாள். "பொண்ணு குடுக்கிற மாதிரியா" என்று இவர் நக்கலடிக்க, "ஆமா மாமா, சம்பந்தம் சரியில்லைன்னா ஒரு சொட்டு கிடையாது" என்றாளே பார்க்கலாம், அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டிலிருந்து கல்லறைகளின் ஓரமாகக் குழாய் புதைத்து அந்த ஒற்றைக் கேபிளைக் கொண்டுபோனார்கள்.

போன வாரம் ஊரே மேட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பேய்க்காற்று, கம்பம் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒக்டாவியாவின் போன் கத்தியது, எடுத்துப் பார்த்தால் கேமரா காட்டும் படத்தில் தேவாலயத்துக்குள் புகை. யாரோ ஏற்றிவிட்டுப் போன மெழுகுவர்த்தி, காற்றில் ஜன்னல் திறந்து, பூவேலைத் துணிமேல் விழுந்திருக்கிறது. "ஊருக்கே கரண்ட் இல்லையே, அது எப்படிப் பார்க்குது" என்று அப்பா கேட்டுக்கொண்டே ஓடுகிறார், "பெட்டிக்குப் பேட்டரி வச்சிருக்கேன், அது இருந்தா கேமராவுக்கும் உயிர் இருக்கும், பேசாம ஓடுங்க மாமா" என்று அவள் பின்னாலேயே ஓடுகிறாள். எனக்கு முட்டிவலி எங்கே போனதோ, வாளியோடு நானும் ஓடினேன். அப்பா எரிகிற துணியை வெறுங்கையால் இழுத்து வெளியே எறிந்தார், நாங்கள் ஈரக் கம்பளி போட்டு மிதித்தோம். ஒரு பலகை மட்டும் கருகியது, சுவரில் வரைந்த புனிதர்கள் மேல் புகைகூடப் படியவில்லை. அப்பாவின் கை கொஞ்சம் கொப்புளித்தது, மருந்து போடுகிறோம், பயப்படாதே.

இனிமேல்தான் விஷயம். எல்லோரும் வெளியே வந்தபின் அப்பா மட்டும் உள்ளே நின்றார். கேமரா இருப்பதையே மறந்து, நீ மாலையோடு நிற்கப்போகிற இடத்தில் மண்டியிட்டு, அந்தப் பலகையை முத்தமிட்டுக் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். தன்னைப் பெற்ற அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர். ஒக்டாவியா அதை எனக்கு மட்டும் காட்டினாள், உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கடவுளும் கன்னி மாதாவும் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். டிக்கெட்டைச் சீக்கிரம் எடு. படத்தைப் பார்த்ததாக மட்டும் அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன்னை முத்தமிடும்
அம்மா பரஸ்கீவா